அளவு நிற்க இடம்

சுவர் விழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுப்புவதற்குத்தான் கேட்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்துச் சனங்களுக்கு இந்த ஞானம் கட்டடப் படச் சோதனை ஆபீசு திறந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தியவர்களும் சரி, செம்மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்தவர்களும் சரி, கயிறு பிடித்து அளந்து கட்டிவிட்டு உள்ளே குடியும் போய்விட்டார்கள். நாடு அதுவரை எப்படிப் பிழைத்துக் கிடந்ததோ தெரியவில்லை.

ஆபீசு ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தது. சனங்கள் அதைச் சுருக்கமாகப் படாபீசு என்றார்கள். அந்தச் செட்டியார் வீட்டுக்கே படம் கிடையாது என்பது ஊருக்கும் தெரியும், ஆபீசுக்கும் தெரியும். பெரிய வீடு என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பூமிநாதன் செங்கரைப்பட்டிச் சம்சாரி. வானம் பார்த்த நெல் கொஞ்சம், நிலக்கடலை கொஞ்சம், இரண்டு மாடு, சோலையம்மாள் என்ற பெண்சாதி, நாகவல்லி என்ற ஒரே மகள், இவ்வளவுதான் அவர் ராச்சியம். மகளை நாட்டரசன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். ஐப்பசி அடைமழையில் அவர் வீட்டுப் பின்னறை இடிந்து உட்கார்ந்தது. அது விழுந்த ஈரம் காய்வதற்குள், நாகவல்லி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். பூமிநாதன் வீட்டில் முன்னறை ஒன்றுதான் மிச்சம். அதில் குலதெய்வத்தின் சாமிப்பெட்டி இருந்தது. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை அந்த அறையில் காலெடுத்து வைக்கக்கூடாது. அவர் வீட்டில் இது எழுதாத சட்டம். சோலையம்மாளை மீறி அதை யாரும் மாற்ற முடியாது. ஆகவே, மகளுக்குப் பிள்ளை பிறக்கும் முன் பின்னறை எழும்பியாக வேண்டும். இது போதாதென்று சம்பந்தியம்மாள் வேறு ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்: “இடமில்லைன்னா சொல்லிப்புடுங்க. எங்க மாட்டுக்கொட்டத்துலயாச்சும் ஒரு மூலைய ஒதுக்கித் தாரோம்.” சோலையம்மாள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

கொத்தனார் பெத்தன் வந்து இடிந்த இடத்தைப் பார்த்தார். மனையடிக் கணக்கை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

“எட்டுக்குப் பதினொண்ணு வைப்போம். எட்டடி பாக்கியம், பதினொண்ணு பிள்ளைப்பேறு. ஒம்பது, பன்னெண்டுன்னு போனா குடும்பம் வெளங்காது.”

“அப்ப தை பொறந்ததும் ஆரம்பிச்சிருவமா?”

“படாபீசுல படம் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம கரண்டியத் தொடமாட்டேன். ஆட்டுக்கு ஒரு சாய்ப்பு எறக்குனவன் அபராதம் கட்டிட்டு அலையுறான்.”

படாபீசு வாசலில் சாய்வுமேசை போட்டு உட்கார்ந்திருந்த அழகுசுந்தரம், லைசென்சு வாங்கிய படக்காரர். நல்ல மனிதர், பொடிப்பொடியாக எழுதி எழுதிக் கண்தான் போய்விட்டது. பூமிநாதன் விஷயத்தைச் சொன்னார்.

“எப்பச் சுவர் வைக்கணும்?” என்று அழகுசுந்தரம் கேட்டார்.

“தையிலங்க.”

“எந்த வருசத்துத் தை?”

பூமிநாதன் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அழகுசுந்தரம் சிரிக்கவில்லை. மெழுகுத்துணியை விரித்து, மையைத் தொட்டுப் படம் போட்டார். எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்பது ஆபீசு விதி. அறை கட்டைவிரல் அகலத்துக்கு வந்து நின்றது.

“இம்புட்டுக்குள்ள எம்மக எப்படிங்க படுப்பா?”

“படத்துல படுக்க வேணாம்யா. வீட்டுல படுத்தாப் போதும்.”

ஆபீசின் தலைவர் சூப்பரிண்டெண்டு மீனாட்சிசுந்தரம். அவர் மேசைமேல் ஒரு பூதக்கண்ணாடியும், ஒரு தந்த அளவுகோலும் இருந்தன. படத்தைப் பார்த்ததும், சோற்றில் கல் அகப்பட்டவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

“எங்கய்யா அளவு?”

“எட்டும் பதினொண்ணும் போட்டிருக்குதுங்களே.”

“சுவர்க்கனம்? வாசல் அகலம்? வாசலுக்கும் மூலைக்கும் உள்ள தூரம்? சன்னல் எம்புட்டு? சன்னலுக்கும் வாசலுக்கும் எம்புட்டு? வெளக்கு மாடம்?”

“மாடம் கொத்தனாரு கைக்கு வந்தபடி வைப்பாருங்க.”

“கைக்கு வந்தபடி!” மீனாட்சிசுந்தரம் பேனாவைக் கீழே வைத்தார். இது பேச்சுத் தமிழில் சொல்லக்கூடிய விஷயமல்ல என்று தோன்றியதால் எழுத்துத் தமிழுக்கு மாறினார். “அளவு குறிக்கப்படாத பொருள் சர்க்காரின் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத மாடத்தில் நீ விளக்கேற்றினால், அந்த வெளிச்சத்துக்கு யார் பொறுப்பு?”

பூமிநாதன் இதுவரை விளக்கு வெளிச்சத்துக்குச் சோலையம்மாள் பொறுப்பு என்று நினைத்திருந்தார். படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அழகுசுந்தரம் எல்லா அளவும் போட்டார். சுவர்க்கனத்தை நான்கு பக்கமும் போட்டார். கதவின் இரண்டு இலைக்கும் தனித்தனியாகப் போட்டார். மாடத்தின் அகலம், உயரம், ஆழம், அது தரையிலிருந்து எவ்வளவு, கூரையிலிருந்து எவ்வளவு என்று போட்டார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கோடு, கோட்டின் இரு முனையிலும் அம்புத்தலை. எட்டின்மேல் பதினொன்று ஏறி உட்கார்ந்தது. ஒன்றரைக்குள் முக்கால் நுழைந்தது. கட்டைவிரல் அகலத்து அறைக்குள் கண்டதேவித் தேருக்குக் கூடியதுபோல் எண்கள் கூடிவிட்டன.

மீனாட்சிசுந்தரம் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது மூணா எட்டா?”

“எட்டுங்க,” என்றார் அழகுசுந்தரம்.

“எனக்கு மூணாத் தெரியுது. மூணடி அறையில ஒரு பொம்பள பிள்ளை பெறலாமா? மனுசத்தன்மை வேணாமா?”

பிறகு விதிகளை ஒப்பித்தார். எண்ணை எண் தொடக்கூடாது. எண்ணைக் கோடு தொடக்கூடாது. ஓர் அளவுக்கோடு இன்னோர் அளவுக்கோட்டை வெட்டக்கூடாது.

“அப்ப ரெண்டு மூணு அளவ விட்டுரலாங்களா?” என்று பூமிநாதன் கேட்டார்.

“ஒண்ணையும் விடக்கூடாது.”

“அறைய மட்டும் பெருசாப் போட்டுக்கிறேன்,” என்றார் அழகுசுந்தரம். “நாலடிக்கு ஓரங்குலம் வச்சா எல்லாம் காத்தோட்டமா நிக்கும்.”

மீனாட்சிசுந்தரம் தந்த அளவுகோலை எடுத்துக் காட்டினார். அதன் ஒரு பக்கம் எட்டடிக் கணக்கு. மறுபக்கம், ஓய்வுபெற்றுப் போகும்போது அதைக் கொடுத்துவிட்டுப் போன துரையின் பெயர். “நாலடிக்கு நான் துரை பேரு மேலயா அளக்குறது?” என்று கேட்டார். படத்தைப் பெரிய துணியில் போடலாமா என்றதற்கு, பீரோ இழுப்பறையில் நுழையாது என்றார். பீரோவை மாற்றலாமா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

எண்களை அறைக்கு வெளியே எழுதி, கோடு இழுத்துக் காட்டலாம் என்று அழகுசுந்தரம் யோசனை கண்டுபிடித்தார். மூன்றாவது படத்தில் அறைக்குள் கூட்டம் குறைந்து மூச்சுவிட இடம் வந்தது. மீனாட்சிசுந்தரத்தின் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. அப்புறம் அவர் கண் படத்தின் ஓரத்துக்குப் போயிற்று.

“இந்த எட்டு எங்க நிக்குது?”

“கெழக்காலங்க. வெளிய.”

“கெழக்கால யாரு மனை?”

“ஆண்டியப்பன் மனைங்க.”

“அவுக மனையில உன் எண்ணு எப்படி நிக்கலாம்? மேக்கால பாதை. தெக்கால ஊருணிக்கரை. ரெண்டும் பொது. அங்குட்டும் நிக்கக்கூடாது. வடக்கால எழுதுனா அது முன்னறை அளவுன்னு ஆயிப்போகும். ஆண்டியப்பன்கிட்டச் சம்மதம் வாங்கிட்டு வா.”

ஆண்டியப்பனும் பூமிநாதனும் ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். இருபது வருஷமாகச் சண்டை வந்ததில்லை. பூமிநாதன் போய்ச் சொன்னதும் ஆண்டியப்பன் எழுந்து வந்து தன் மனையை எல்லைவரை நடந்து பார்த்தார்.

“எந்த எடத்துல நிக்குது அந்த எட்டு?”

“படத்துல நிக்குதுண்ணே. தரையில ஒண்ணுமில்ல.”

“இன்னைக்குப் படத்துல நிக்கும். நாளைக்கு அது பின்னாடியே நீங்க வந்து நிப்பீக. சர்க்காரே சம்மதம் கேக்கச் சொல்லுதுன்னா உள்ள என்னமோ இருக்குல்ல?”

“எம்மக பிரசவத்துக்குண்ணே.”

“பிரசவம் உங்க மனையில ஆகட்டும். எட்டும் உங்க மனையிலயே இருக்கட்டும்.”

விடிந்து பார்த்தால் எல்லையில் கருவை முள் அடைத்திருந்தது. எண் உள்ளே வராமல் இருக்கத்தான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

தை போயிற்று. நாகவல்லிக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது என்று சேதி வந்தது. பூமிநாதன் மறுபடியும் மீனாட்சிசுந்தரத்தின் முன்னால் போய் நின்றார். சூப்பரிண்டெண்டு அன்று நல்ல மனநிலையில் இருந்தார். இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

“அறை சின்னது. அதான் எண்ணு நிக்க எடமில்ல. அறையைப் பெருசா வச்சுக்கய்யா.”

பூமிநாதனுக்கு இது நியாயமாகப் பட்டது. சம்சாரிக்கு இது புரியாத கணக்கல்ல; நாற்றுக்கு இடம் போதாவிட்டால் வயலைத்தானே பெரிதாக்குவார்கள்? நேரே பெத்தனிடம் போனார். பெத்தன் மனையடிக் கணக்கை மறுபடியும் முணுமுணுத்தார்.

“பதினொண்ணுக்கு மேல ஒண்ணும் நல்லால்ல. பன்னெண்டு செல்வம் போகும், பதிமூணு பகை, பதினாலு நட்டம், பதினஞ்சு ஆகாது. பதினாறுதான் ஒசத்தி. ஆனா பதினாறுக்கு எடம் எங்க இருக்கு? மாட்டுக்கொட்டம் நிக்குதே.”

பூமிநாதன் மாட்டுக்கொட்டத்தைப் பிரித்துப்போட்டார். தகப்பனார் கட்டிய கொட்டம். மாடுகளைப் புளியமரத்தில் கட்டினார். சோலையம்மாள் சாணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

“ஏங்க, அறை ஆளுக்கா எண்ணுக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

“எண்ணுக்கு என்னாத்துக்குங்க பதினாறடி? அது கால நீட்டிப் படுக்குமா?”

பூமிநாதன் பதினாறடிக்குப் படம் போடச் சொல்லி எடுத்துப்போனார். மீனாட்சிசுந்தரம் படத்தைப் பார்த்து, பதினாறடி உத்தரத்துக்கு நடுவில் தாங்குதூண் வேண்டும் என்றார். தூணுக்கு அளவு வேண்டும். தூணிலிருந்து நான்கு சுவருக்கும் அளவு வேண்டும். நீள அறைக்கு ஒரு சன்னல் போதாது, இன்னொன்று வேண்டும். அதற்கும் அளவு வேண்டும். இடம் ஒரு பங்கு கூடியது, எண் இரண்டு பங்கு கூடியது. பழையபடி எட்டுக்குப் பதினொன்றே மேல் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். கொட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, கொட்டத்தைத் திரும்பக் கட்டுவதாக இருந்தால் அதற்குத் தனிப்படம் கொடுக்க வேண்டும் என்று நினைவுபடுத்தினார்.

பூமிநாதனுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துபோகும்.

“அய்யா, இந்த ஆபீசு தொறந்ததுலேர்ந்து எத்தன வீடு கட்டியிருக்காக?”

மீனாட்சிசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு கேள்விக்காக அவர் வெகுநாளாகக் காத்திருந்தார் போலும். எழுத்துத் தமிழ் தானாக வந்தது.

“ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்த ஆபீசின் அனுமதியோடு கட்டிய வீடு இடிந்தது என்று இன்றுவரை ஒரு புகாரும் இல்லை. இந்தப் பிராந்தியத்தில் வேறு எந்த ஆபீசுக்காவது இந்தப் பெருமை உண்டா? வீடு என்னய்யா வீடு, மழை பெய்தால் விழும். படம் விழாது. கறையான் அரிக்காமல் நான் அதைப் பாதுகாக்கிறேன். உன் பேரனுக்குப் பேரன் வந்து கேட்டாலும், உன் வீட்டு மாடத்தின் ஆழம் என்ன என்று இந்த ஆபீசு எடுத்துச் சொல்லும்.”

“வீடு இருக்காதுங்களே அய்யா.”

“அளவு இருக்கும்,” என்றார் மீனாட்சிசுந்தரம். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

சித்திரையில் வளைகாப்பு நடந்தது. மகளை அழைத்துவரும்போது சம்பந்தியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தாள், அது போதாதா? நாகவல்லி வண்டியிலிருந்து இறங்கி, பின்னறை இருக்க வேண்டிய இடத்தில் ஆமணக்கு முளைத்திருப்பதைப் பார்த்தாள்.

“அப்பா, எங்கப்பா அறை?”

“படத்துல இருக்குத்தா. வந்துரும்.”

பெற்ற மகளுக்கு மறைப்பாக ஒரு சுவர் வைக்க வக்கில்லாத தகப்பன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் போய் மீனாட்சிசுந்தரத்தின் மேசைக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அழகுசுந்தரம் பக்கத்தில் படத்தை விரித்துப் பிடித்திருந்தார்.

மீனாட்சிசுந்தரம் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் மெதுவாக ஓட்டினார். திடீரென்று நிறுத்தினார். பெரிய மனிதர்களுக்குத் தோன்றும் யோசனை அவருக்கும் தோன்றியது.

“அழகுசுந்தரம், இந்த எண்ணெல்லாம் எதுல முட்டுது?”

“சுவர்க்கோட்டுலங்க.”

“இந்த வாசக்கோடு?”

“அது வாசலுங்க. அளவுக்கோடு இல்ல.”

“அப்ப குத்தம் எண்ணு மேல இல்ல. சுவர் மேல. சுவர் எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. அதை எடுங்க.”

அழகுசுந்தரம் அவர் முகத்தைப் பார்த்தார். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் சவர பிளேடை எடுத்தார். முதலில் கிழக்குச் சுவரைச் சுரண்டினார். அப்புறம் மேற்கு, தெற்கு. வாசலைச் சுரண்டினார். சன்னலையும் மாடத்தையும் சுரண்டினார். துணியில் எண்களும் அம்புகளும் மட்டும் நின்றன. ஒன்றை ஒன்று தொடவில்லை. ஒன்றை ஒன்று வெட்டவில்லை. பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

“இது படம்!” என்றார் மீனாட்சிசுந்தரம். முத்திரையை ஓங்கி அடித்தார். அதன் நகலைச் சட்டம்போட்டு, இனி வருகிறவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று சுவரில் மாட்டச் சொன்னார்.

பூமிநாதனுக்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. முத்திரை தெரியும். அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வந்து சேர்ந்தார். பெத்தன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“சுவத்தக் காணோமே?”

“முத்திரை இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப கட்டுங்க.”

பெத்தன் படத்தைச் சுருட்டி ஓட்டில் செருகிவிட்டுக் கயிறு பிடித்தார். எட்டுக்குப் பதினொன்று. பச்சைச் சுவரின்மேல் கூரை ஏறிய வாரத்திலேயே நாகவல்லிக்கு வலி கண்டது. பெண்குழந்தை. சோலையம்மாள் மாடத்தில் விளக்கேற்றினாள். பூமிநாதன் வெளியே நின்று சுவரைக் கையால் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார், அதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஓவர்சியர் மாயக்கண்ணன் கட்டடத்தைப் படத்தோடு ஒப்பிட வந்தார். கெட்டவர் அல்ல. பிள்ளை பிறந்த வீடு என்று கேள்விப்பட்டு ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கி வந்திருந்தார். பழத்தைக் கொடுத்துவிட்டுப் படத்தை விரித்தார். படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இது என்னய்யா?”

“அறைங்க.”

“படத்துல அறை இல்லையே.”

“அளவு இருக்குங்களே. எட்டுக்குப் பதினொண்ணு.”

“அளவு இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல, கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா அறை இல்ல. இல்லாத அறை இங்க நிக்குது.” அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “முத்திரை போட்ட படத்துக்கு மாறா நிக்கிற சுவத்த எடுக்கணும். நீயே எடுத்துட்டா மண்ணு உனக்கு. நாங்க எடுத்தா அதுவும் ஆபீசுக்கு.”

“பச்சப்புள்ள கெடக்குங்க உள்ள.”

“புள்ளைய எடுத்துக்கய்யா. புள்ள விசயத்துல ஆபீசு தலையிடாது.”

பூமிநாதன் காரைக்குடிக்கு ஓடினார். மீனாட்சிசுந்தரம் படத்தின் நகலைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இத்தனை தெளிவான படத்துக்குப் பிறகும் ஒருவன் சுவர் வைப்பான் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றார். சுவர்க்கோடு போட்டு இன்னொரு படம் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகக் கொடுக்கலாம், எண்கள் முட்டாமல் இருந்தால் சரி என்றார்.

கூரையைப் பிரித்துவிட்டுச் சுவரைப் பூமிநாதனே இடித்தார். பச்சை மண் என்பதால் சிரமம் இருக்கவில்லை. சாமிப்பெட்டி இருக்கும் முன்னறைக்குள் மகளையும் பிள்ளையையும் கூட்டிப்போகலாமா என்று அவர் கேட்க வாயெடுத்தபோது, நாகவல்லியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், தீட்டோடு சாமியறைக்குள் போனதால்தான் என்று பழி வரும் என அவளுக்குப் பயம். சோலையம்மாள் தன் கூறைப்புடவையை எடுத்துவந்து, அறை இருந்த இடத்தில் நான்கு வேப்பங்கம்பு நட்டு, மேலே கட்டினாள். வைகாசி வெயில். புடவை நிழலில் தாயும் பிள்ளையும் படுத்திருந்தார்கள்.

மாயக்கண்ணன் மறுபடியும் வந்தார். வெறும் இடத்தைப் படத்தோடு ஒப்பிட்டார். கிழக்கே பார்த்தார், எண்ணைப் படித்தார். தெற்கே பார்த்தார், எண்ணைப் படித்தார். இப்படி ஒரு பொருத்தத்தைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். பென்சிலை எடுத்துச் ‘சரி’ போடப் போனவர் புடவையைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பூமிநாதன் போய் முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். நாகவல்லி எழுந்து உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தில் படாதபடி தன் முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டாள். நான்காவது முடிச்சும் அவிழ்ந்ததும் பூமிநாதன் புடவையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளி நின்றார்.

“இப்பப் பாருங்க அய்யா, சரியா இருக்கா?” என்று கேட்டார்.